9.20 ஸ்ட்ராடில் பேக்டெஸ்ட் காட்டும் 35 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

வேளச்சேரியிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நிஃப்டி பங்குக் குறியீட்டின் வார ஆப்ஷனில் (வாரந்தோறும் காலாவதியாகும் ஒப்பந்தம்) தினமும் காலை 9.20 மணிக்கு அப்போதைய விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் (ஒப்பந்தத்தில் குறித்த விலை) கால் (நிஃப்டி ஏறினால் விலை கூடுவது), புட் (இறங்கினால் கூடுவது) இரண்டையும் விற்பது, இதுதான் ஸ்ட்ராடில்; இரண்டின் மொத்தப் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) 30 சதவீதம் ஏறினால் ஸ்டாப்லாஸில், அதாவது நஷ்டத்தை நிறுத்தும் வரம்பில், வெளியேறுவது; ஏறாவிட்டால் பிற்பகல் 3.15 மணிக்கு முடித்துக்கொள்வது. இந்த முறையை 2021 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரையிலான தரவில், 75 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டுக்கு, ஒரு மென்பொருளில் பேக்டெஸ்டாக, அதாவது பழைய விலைகளின் மேல், ஓட்டிப் பார்த்திருக்கிறார். 68 சதவீத நாள்களில் லாபம், லாப நாளின் சராசரி 1,500 ரூபாய், நஷ்ட நாளின் சராசரி 2,300 ரூபாய், அதிகபட்ச டிராடவுன் (உச்சத்திலிருந்து விழுந்த பள்ளம்) 31,000 ரூபாய், ஷார்ப் விகிதம் (ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட லாபம்) 2.2, இரண்டு லட்சம் முதலுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று அறிக்கை வந்திருக்கிறது. பல நேரங்களையும் பல ஸ்டாப்லாஸ் அளவுகளையும் முயன்ற பிறகே இதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார். வீட்டு நகைகளை அடகு வைத்து எட்டு லட்சம் புரட்டி, நான்கு லாட்டில் தொடங்கலாமா என்று கேட்கிறார். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்த அறிக்கையில் எவ்வளவு சந்தையைப் பற்றியது, எவ்வளவு மென்பொருளின் அனுமானங்களைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் ஒரு தரகு நிறுவனத்தின் இடர் மேலாண்மைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் இத்தகைய அறிக்கைகளை அவர்களுடைய கான்ட்ராக்ட் நோட்டுகளோடு (நடந்த வியாபாரத்துக்குத் தரகர் தரும் சீட்டு) ஒப்பிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகன் அல்லன். ஆகவே இதை வாங்குங்கள், அதை விற்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் உள்ளமைப்பையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்துச் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கூட்டல் கழித்தல். 68 சதவீதத்தை 1,500 ஆல் பெருக்கினால் 1,020. 32 சதவீதத்தை 2,300 ஆல் பெருக்கினால் 736. கழித்தால் ஒரு நாளின் சராசரி லாபம் 284 ரூபாய். ஆண்டுக்கு 248 வர்த்தக நாள் என்று கொண்டால் சுமார் 70,000 ரூபாய். நீங்கள் சொன்ன 35 சதவீதம் இதுதான். ஆகவே அறிக்கையின் எண்கள் தமக்குள் முரண்படவில்லை. ஆனால் உங்கள் கண்ணில் முதலில் பட்டது 68 என்ற எண்ணாக இருந்திருக்கும், பெரும்பாலானோருக்கு அப்படித்தான். ஆப்ஷன் விற்பவருக்கு அடிக்கடி சிறு லாபமும் எப்போதாவது பெரிய நஷ்டமும் வருவது அந்த வியாபாரத்தின் இயல்பு. எனவே வெற்றி விகிதம் முறையின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஸ்டாப்லாஸை இன்னும் தள்ளி வைத்தால் அந்த விகிதம் மேலும் ஏறும்; கூடவே நஷ்ட நாள்களின் சராசரியும் ஏறும். உங்கள் முழு அறிக்கையும் நிற்பது அந்த 284 ரூபாயின் மேல்தான்.

அந்த 284 செலவுக்கு முந்தையதா, பிந்தையதா என்று நீங்கள் எழுதவில்லை. பல மென்பொருள்களில் செலவுக்கான கட்டங்கள் பூஜ்யமாகவே திறக்கும். நாமாக நிரப்பினால்தான் உண்டு. கட்டங்கள் நிரப்பப்படவில்லை என்று கொண்டு ஒரு நாளின் செலவைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு லெக்கும் (கால் ஒன்று, புட் ஒன்று) தலா 110 ரூபாய்க்கு விற்றால், 220 புள்ளியை 75 ஆல் பெருக்க, விற்பனை மதிப்பு 16,500 ரூபாய். 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்து 2026 மார்ச் வரை இருந்த 0.1 சதவீத எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 16 ரூபாய் 50 காசு. திரும்ப வாங்கும் மதிப்பு 15,000 என்று கொண்டால், அதே நாளில் நடைமுறைக்கு வந்த 0.03503 சதவீத என்.எஸ்.இ. (தேசியப் பங்குச் சந்தை) பரிவர்த்தனைக் கட்டணம் இரு பக்கமும் சேர்ந்து 11 ரூபாய். நான்கு ஆர்டர்களுக்குத் தலா 20 ரூபாய் தரகு, 80 ரூபாய். தரகுக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 16 ரூபாய். முத்திரைத் தீர்வை அரை ரூபாயைத் தொடாது. மொத்தம் ஏறக்குறைய 124 ரூபாய். இதுவரை சொன்னவை கான்ட்ராக்ட் நோட்டில் அச்சாகி வருபவை, சந்தேகத்துக்கு இடமில்லை. அச்சாகாத செலவு ஸ்லிப்பேஜ். அறிக்கை காட்டும் விலைக்கும் உங்கள் கையில் கிடைக்கும் விலைக்கும் ஆர்டருக்கு அரை ரூபாய் வேறுபாடு என்று கொண்டால், நான்கு ஆர்டருக்கு 150 ரூபாய். அமைதியான நாளில் அது குறையும். ஸ்டாப்லாஸ் அடிக்கும் நாளில் அரை ரூபாயோடு நிற்காது. இரண்டையும் சேர்த்தால் 274. 284-இல் மிச்சம் பத்து ரூபாய்.

நான்கு லாட்டாகச் செய்தால் தரகுச் சுமை நான்காகப் பிரியும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்போது அச்சாகும் செலவு லாட்டுக்குச் சுமார் 54 ரூபாயாக இறங்கும். ஸ்லிப்பேஜ் அப்படியே இருந்தால் மொத்தம் 204. லாட்டுக்கு 80 ரூபாய் மிஞ்சும். ஒரு லாட்டில் மாதக்கணக்கில் பழகிப் பார்க்கும்போது முறை தோற்பதுபோலத் தெரிவதற்கு இந்த நிலையான தரகும் ஒரு காரணம். ஆனால் ஸ்லிப்பேஜ் என்ற ஒரே அனுமானத்தை அரை ரூபாயிலிருந்து 80 காசுக்கு மாற்றினால், அந்த 80 ரூபாயும் கரைந்து எதிர்மறையாகிவிடும். 30 காசு மாற்றத்தில் குறி மாறும் ஒரு முடிவை நான் முடிவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்லிப்பேஜ் எங்கே பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறிக்கையில் தெரியாத பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு நிமிட கேண்டில் (நிமிடவாரி விலைச் சுருக்கம்) தரவில் ஓடுகின்றன. கேண்டிலில் இருப்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த நொடியில் வாங்குவோர் கேட்ட விலையும் விற்போர் சொன்ன விலையும் அதில் இல்லை. உங்கள் ஸ்டாப்லாஸோ இரண்டு ஆப்ஷனின் கூட்டுப் பிரீமியத்தின் மேல் இருக்கிறது. கால் ஆப்ஷனின் உச்ச விலையும் புட் ஆப்ஷனின் உச்ச விலையும் ஒரே நொடியில் வருவதில்லை. நிஃப்டி ஏறும் நொடியில் ஒன்று ஏறும், இறங்கும் நொடியில் மற்றொன்று ஏறும். ஆகவே மென்பொருள் இரு உச்சங்களையும் கூட்டினால் நடக்காத ஸ்டாப்லாஸ்கள் அடிக்கும். நிமிட முடிவு விலையை மட்டும் பார்த்தால், நிமிடத்தின் நடுவே எட்டித் தொட்டுவிட்டுத் திரும்பியவை தப்பித்துவிடும். எந்த வழியில் கணக்கிட்டாலும் பிழை உண்டு. உங்கள் மென்பொருள் எதைச் செய்கிறது என்பதை உதவிப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், ஸ்டாப்லாஸ் அடித்த ஒரு நாளை எடுத்து, நிமிட விலைகளை இறக்கிக் கையால் சரிபாருங்கள். இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படும்: 30 சதவீதம் தாண்டிய நிமிடத்தில் வெளியேறும் விலையாக மிகச் சரியாக 30 சதவீதத்தையே எழுதிக்கொள்வது. நஷ்ட நாள்களின் பட்டியலில் ஒரே நஷ்ட விகிதம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் காரணம். நடைமுறையில் அப்படி வெளியேற முடியாது. கூட்டுப் பிரீமியத்துக்கு என்.எஸ்.இ.யில் ஸ்டாப்லாஸ் ஆர்டர் என்று ஒன்று கிடையாது. உங்கள் டெர்மினலோ நீங்களோ கவனித்து இரண்டு ஆர்டர்களை அனுப்ப வேண்டும். தனித்தனி லெக்குக்கு வைத்தாலும், ஆப்ஷன்களில் மார்க்கெட் விலையில் பாயும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்களை என்.எஸ்.இ. 2021 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. லிமிட் விலையோடுதான் (இதற்கு மேல் வாங்கமாட்டேன் என்ற வரம்பு) வைக்க முடியும். விலை அந்த லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே கிடக்கும்.

ஒரு பேக்டெஸ்ட் என்னிடம் வந்தால் மொத்தத்தைப் பிறகுதான் பார்ப்பேன். சில குறிப்பிட்ட நாள்களின் வரிகளை முதலில் தேடுவேன். உங்கள் காலத்துக்குள் வருபவை இவை. 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் என்.எஸ்.இ. காலை 11.40-க்கு நின்று, பிற்பகல் 3.45-க்குத் திரும்பத் திறந்து, மாலை ஐந்து வரை நடந்தது. 3.15 மணிக்கு வெளியேறும் உங்கள் முறைக்கு அன்று வெளியேறும் விலையே கிடையாது. உங்கள் அறிக்கை அன்றைக்கு ஒரு சாதாரண லாபத்தைக் காட்டினால், 11.40-இன் விலையை 3.15 வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். 2024 மார்ச் 2 ஒரு சனிக்கிழமை. மாற்று மையத்தைச் சோதிப்பதற்காக நடந்த இரு குறுகிய அமர்வுகளும் பிற்பகல் 3.15-க்கு வெகு முன்பே முடிந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் தீபாவளியன்று மாலை ஒரு மணி நேரம் நடந்த முகூர்த்த வர்த்தகத்துக்குக் காலை 9.20 என்பதே இல்லை. இந்த நாள்களில் வியாபாரம் நடந்ததாக வரி இருந்தால் மென்பொருள் தரவின் ஓட்டைகளைத் தானாக அடைத்துக்கொள்கிறது என்பது உறுதி. வேறு எங்கெல்லாம் அடைத்திருக்கிறது என்பதை நீங்கள் சந்தேகிக்கத்தான் வேண்டும். அடுத்து, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4. நிஃப்டி அன்று சுமார் 6 சதவீதம் சரிந்து 21,884.50-இல் முடிந்தது. அன்றைய உங்கள் நஷ்டம் மற்ற ஸ்டாப்லாஸ் நாள்களின் அளவிலேயே அடங்கியிருந்தால், அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

காலத்தின் தேர்வுக்கு வருகிறேன். நிஃப்டி வார ஆப்ஷன் 2019 பிப்ரவரியில் வந்தது. நீங்கள் 2021-இல் தொடங்கியிருக்கிறீர்கள். தரவு அங்கிருந்துதான் கிடைத்தது என்பதாக இருக்கலாம். ஆனால் அதனால் 2019 செப்டம்பர் 20-உம் 2020 மார்ச்சும் வெளியே போய்விட்டன. முதலாவது, நிறுவன வரிக் குறைப்பு வர்த்தக நேரத்துக்கு நடுவே அறிவிக்கப்பட்டு நிஃப்டி 5 சதவீதத்துக்கு மேல் ஏறிய நாள். நல்ல செய்தியும் ஸ்ட்ராடில் விற்றவரைக் கவிழ்க்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டாவதில், மார்ச் 23 அன்று மட்டும் நிஃப்டி சுமார் 13 சதவீதம் வீழ்ந்தது. 10 சதவீதத்தில் சர்க்யூட் விழுந்து 45 நிமிடம் வர்த்தகம் நின்றது. அந்த 45 நிமிடமும் விற்றவரால் எதையும் மூட முடியாது. இவ்விரண்டையும் சேர்க்காத சோதனை தவறானது என்று சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்கிறேன்.

அந்த நான்கு ஆண்டுகளுக்குள்ளேயும் சந்தை ஒன்றாக இருக்கவில்லை. நிஃப்டி 14,000 அளவிலிருந்து 24,000 அளவுக்கு வந்தது; லாட் அளவு 75-இலிருந்து 50, பிறகு 25, மீண்டும் 75 என்று மாறியது. ஆகவே ஆண்டுவாரி லாபத்தை ரூபாயில் ஒப்பிடாமல் நிஃப்டியின் சதவீதமாக ஒப்பிடுங்கள். எஸ்.டி.டி. 2023 மார்ச் வரை 0.05 சதவீதம்தான், பழைய ஆண்டுகளுக்கும் இன்றைய விகிதத்தையே போட்டுப் பாருங்கள், நாளை நீங்கள் கட்டப்போவது இன்றைய விகிதத்தைத்தான். 2024 அக்டோபரில் செபி கொண்டுவந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு ஒவ்வொரு பங்குச் சந்தை நிறுவனத்திலும் ஒரே ஒரு குறியீட்டில்தான் வார ஒப்பந்தம். பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி (ஒப்பந்தம் காலாவதியாவது) 2024 நவம்பர் 13-ஓடு முடிந்தது. அதற்கு முன் வாரத்தின் ஐந்து நாளும் ஏதோ ஒரு குறியீட்டுக்கு எக்ஸ்பைரி இருந்த காலம் ஒன்று உண்டு. உங்கள் தரவின் கணிசமான பகுதி அந்தக் காலத்தைச் சேர்ந்தது. நிஃப்டியின் எக்ஸ்பைரியும் 2025 செப்டம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறிவிட்டது. "வியாழனன்று மட்டும்" என்று கிழமையை வைத்து வடிகட்டிய முடிவுகளை, எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்குக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

பல சேர்க்கைகளை முயன்றதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியது நல்லது. நுழையும் நேரம் 12, ஸ்டாப்லாஸ் அளவு 8, கிழமைத் தேர்வு 5 என்று வைத்தால் 480 சேர்க்கைகள். இவை எதிலும் ஒரு பலனும் இல்லை, எல்லாம் வெறும் தற்செயல், ஒன்றோடொன்று தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, நான்காண்டுத் தரவில் இவற்றில் முதலாவதாக வருவது ஏறத்தாழ 1.5 ஷார்ப் விகிதத்தைக் காட்டும். உண்மையில் 9.20-உம் 9.25-உம் ஒட்டிப் பிறந்தவை என்பதால் அந்த மாயை இதைவிடக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத் தரவில்லாமல் சொல்ல முடியாது. உங்கள் 2.2 அதைத் தாண்டி நிற்கிறது என்பது உங்களுக்குச் சாதகமான செய்திதான், ஆனால் செலவைக் கழிப்பதற்கு முன்பு. இங்கே பயனுள்ள சோதனை எளிமையானது. 9.20-ஐச் சுற்றியுள்ள நேரங்களையும் 30-ஐச் சுற்றியுள்ள அளவுகளையும் பாருங்கள். 9.25-க்கு 25 சதவீதத்தில் லாபம் பாதியாகி, 9.15-க்கு 35 சதவீதத்தில் நஷ்டமாகிறது என்றால், நீங்கள் கண்டுபிடித்தது சந்தையின் குணம் அன்று. கடந்துபோன சில நாள்களின் நினைவு. பிறகு 2021, 2022 தரவை மட்டும் வைத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்து, 2023, 2024 தரவில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். பிடிக்காமல் அளவை மாற்றி இரண்டாம் முறை ஓட்டினால் அந்தத் தரவும் தேர்வுக்குப் பயன்பட்டதாகிவிடும்.

டிராடவுன் பற்றி ஒரு சொல். 31,000 என்பதை உங்கள் அதிகபட்ச நஷ்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்வியின் தொனியிலிருந்து தோன்றுகிறது. ஷார்ப் விகிதத்திலிருந்து பின்னோக்கிப் போனால் உங்கள் தினசரி ஏற்ற இறக்கம் சுமார் 2,000 ரூபாய். நாளுக்குச் சராசரி 284 வரும் ஒரு முறைக்கு, ஆயிரம் நாள்களில் 30,000 ரூபாயை ஒட்டிய டிராடவுன் எதிர்பார்க்கத் தக்கதே. உங்கள் எண்ணில் விசித்திரம் ஏதும் இல்லை. ஆனால் செலவுக்குப் பிந்தைய சராசரி பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட்டால், அதே ஏற்ற இறக்கத்தில் எதிர்பார்க்கத் தக்க டிராடவுன் 79,000-ஐ ஒட்டி வரும். செலவு லாபத்தைக் குறைப்பதோடு நிற்காமல் பள்ளத்தையும் ஆழமாக்குகிறது. இதை அறிக்கையைப் பார்ப்பவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கு நாள்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. உண்மையில் கொந்தளிப்பான நாள்கள் கூட்டமாகவே வரும், ஆகவே இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

முதல் என்று நீங்கள் போட்டிருக்கும் இரண்டு லட்சமும் இறுக்கமான எண். 2024 நவம்பர் 20 முதல் எக்ஸ்பைரி நாளில் விற்ற ஆப்ஷனுக்கு ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் (தரகரிடம் வைக்கும் பிணையத் தொகை) உண்டு. நிஃப்டி 25,000-இல் இருந்தால் 75 எண்ணிக்கைக்கு ஒரு லெக்குக்கே 37,500 ரூபாய். நான்கு லாட்டுக்குச் சரியாக எட்டு லட்சம் என்று போனால் அந்த நாளில் நான்கு லாட் போக முடியாமல் போகலாம். இன்னொன்று, வேளச்சேரிக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை மூழ்கியிருந்த திங்கட்கிழமை, மும்பையில் சந்தை வழக்கம்போல் நடந்தது; நான்கு மாநிலத் தேர்தல் முடிவுகளுக்கு மறுநாள் என்பதால் நிஃப்டி 2 சதவீதம் ஏறியது. உங்கள் அறிக்கையில் அன்றைக்கும் ஒரு வரி இருக்கும். மின்சாரமும் இணையமும் இல்லாத வீட்டிலிருந்து அந்த ஆர்டர்களை யார் போட்டிருப்பார்கள் என்று மென்பொருள் கேட்பதில்லை. காலையில் விற்றுவிட்டு 11 மணிக்கு இணைப்பு போனால் என்ன செய்வது என்பதற்குத் தரகரின் டீலிங் டெஸ்க் தொலைபேசி எண்ணாவது கையில் இருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? ஆப்ஷன் விலையில் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு, பிறகு நடக்கும் அசைவைவிடச் சராசரியாகச் சற்று அதிகமாக இருப்பது பல நாட்டுச் சந்தைகளில் நெடுங்காலமாகக் காணப்படும் ஒன்று. 2020 மார்ச் போன்ற நாள்களைத் தாங்குவதற்கான கூலி அது. ஆகவே செலவுக்கு முந்தைய உங்கள் 284 முழுக்கப் பொய் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகத்துக்குரியது, தனிநபர் ஒருவர் இந்தச் செலவுகளோடு அதில் எவ்வளவைக் கைப்பற்ற முடியும் என்பது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். அவர்கள் எல்லாரும் உங்கள் முறையைப் பின்பற்றியவர்கள் அல்லர். ஆனால் செலவு எல்லாருக்கும் ஒன்றுதான்.

நகைக் கடன் கேள்விக்கு, உங்களுக்குச் சாதகமான கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நான்கு லாட்டில் லாட்டுக்கு 80 ரூபாய், 248 நாள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 79,000 ரூபாய். எட்டு லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்று வைத்தால் 72,000. வித்தியாசம் 7,000; அதன் மேல் வணிக வருமானமாக வரி வேறு. அந்த 79,000-இன் ஆண்டு ஏற்ற இறக்கமோ சுமார் 1,26,000 ரூபாய். இந்த எண்களில் கடன் வாங்குவதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கையிருப்பில் ஒரு லாட்டுக்கான பணம் இருந்து, அது போனாலும் வீடு தடுமாறாது என்றால், ஒரு காலாண்டு அதில் மட்டும் செய்யுங்கள். தினமும் மாலை அதே நாளை மென்பொருளில் ஓட்டி, அது சொல்லும் நுழைவு, வெளியேறும் விலைகளைக் கான்ட்ராக்ட் நோட்டின் விலைகளுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். லாபமா நஷ்டமா என்பதற்கு ஒரு காலாண்டு போதாது. ஆனால் உங்கள் உண்மையான ஸ்லிப்பேஜ் அரை ரூபாயா, 80 காசா என்பதற்குத் தாராளமாகப் போதும். அதற்கு முன், மேலே சொன்ன 2021 பிப்ரவரி 24, 2024 மார்ச் 2, 2024 ஜூன் 4 ஆகிய நாள்களுக்கு உங்கள் மென்பொருள் என்ன காட்டுகிறது என்பதை அப்படியே இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.